கொழுக்கட்டைக்கு அடியில் பேரிங்

சைராகுல்,

நண்பன் எர்மெக் வீட்டில், பேரிங்கை அழுத்தி இறக்கும் பிரஸ் இரவல் வாங்கப் போகிறேன். ஃப்ரீசரில் இறைச்சிக் கொழுக்கட்டைகளுக்கு அடியில் இருப்பது கார்ச் சக்கரத்தின் புது பேரிங். குளிரில் சுருங்கினால்தான் சுலபமாக உள்ளே இறங்கும். பனி மூடியிருக்கிறதே என்று, கல்யாணமான வருஷம் செய்ததுபோல் அதையும் வேகவைத்துவிடாதே! "உங்க வீட்டுல கொழுக்கட்டைக்குள்ள இரும்பா வைப்பாங்க?" என்று நீ கேட்டதும், தரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று ஏரியிலிருந்து வரும்போது, "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாய். "சக்கரம் இரையுது, வேற எப்படிப் பேசுறது?" என்று சமாளித்தேன்.

கஸிபெக்

பி.கு.: ஓவனுக்குள், பேரிங் இறங்க வேண்டிய சக்கர இரும்பு சூட்டில் விரியட்டும் என்று வைத்திருக்கிறேன். ரொட்டியை அப்புறம் சுடு.

சாயங்காலம் ஏரிவரை போய்வருவோம். சக்கரம் சத்தம் போடாது. இனி கத்தல் கேட்டால், அது நான்தான்.