கதவு நிலையில் ஒரு நீலக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

நடுப்பையன் இன்று கோட்டைத் தொட்டுவிட்டான்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். "அம்மா வா, அம்மா வா" என்று கத்தினான். பூரான் ஏதாவது கடித்துவிட்டதோ என்று ஓடினேன். அறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறான், தலைமேல் நோட்டை வைத்து அழுத்திக்கொண்டு. "இப்பப் பாரு, இப்பப் பாரு." நோட்டின் அடி அவன் அப்பா போட்ட நீலக் கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"தீம் பார்க் எப்பம்மா?"

ஒன்பது வயசு. அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறான். "இந்தக் கோட்டை நீ தொட்டதும் தலைகீழ் ரயில்டா. முதல் பெட்டியில நீயும் நானும்." எவ்வளவு உயரம் இருந்தால் ஏற்றுவார்கள் என்று பார்க்குக்கு போன் போட்டுக் கேட்டு, அளந்து, வேலையில் மிச்சமான பெயிண்ட்டைத் தொட்டு ஒரே இழுப்பில் போட்டார். பெயிண்டர் இல்லையா. அவர் கோடு கோணாது.

அவர்தான் இல்லை. போன ஆகஸ்டில், சாரத்தில் நின்று சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பேராகத்தான் இறக்கினார்கள்.

பார்க்கலாம்டா என்றேன். நான் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். பிள்ளைக்குத் தெரியும். முகம் சுண்டிப்போயிற்று.

மார்ச் 4, புதன்

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. துவைத்த போர்வையையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

போவது என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளி லீவு விட்டதும். அவர் சொல்லிவிட்டுப் போனதில் இது ஒன்றுதான் பாக்கி. போய்விட்டு வந்தால் முடிந்துபோகும். கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. எடுத்துப் போட்டால் நிம்மதி.

பிள்ளைகளிடம் சொன்னேன். நடுப்பையன் கட்டிலிலிருந்து குதித்தான். வாலு — கடைக்குட்டி, நாலு வயசு — "கரடி வருமா? கரடி கடிக்குமா?" என்று கேட்டது. கரடி வேஷம்தான், உள்ளே ஆள் இருக்கும் என்றேன். உடனே அழுகை. கரடிக்குள்ளே ஏன் ஆள், கரடி அவரைத் தின்றுவிட்டதா என்று.

பெரியவள் போனிலிருந்து நிமிரவில்லை. "நான் வரல."

"ஏன்டி?"

"வரலன்னா வரல. பதினாறு வயசுல போய்க் குதிரை பொம்மையில உக்காரச் சொல்றியா?"

எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்தப் பார்த்தாள். சாத்த முடியவில்லை. அவர் போன அடுத்த மாதம் வீட்டுக்காரர் பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினார். அன்றிலிருந்து கதவு தேய்க்கிறது. ஆசாரி வந்து அடியைச் சீவிவிட்டுப் போனார், அப்படியும் தேய்க்கிறது. எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கதவைக் காலால் தள்ளித்தான் சாத்த வேண்டும். கோபத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

மார்ச் 12, வியாழன்

எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாக வரவில்லை. நான் நடுப்பையனோடு ரயிலில் ஏறினால் வாலுவை யார் பிடித்துக்கொள்வது? வாலுவோடு குதிரையில் சுற்றினால் இவனைத் தனியாக எப்படி விடுவது? அவர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டிருப்போம். கை ரெண்டு, பிள்ளை மூணு. ஒரு பிள்ளை மிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

பெரியவள் வந்தே ஆகவேண்டும்.

மார்ச் 14, சனி

துணிக்கடையின் பின்பக்கம் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் பேண்ட் அடி மடிப்பேன், சட்டைக் கை குறைப்பேன். காஜா அக்கா காஜா எடுத்துப் பட்டன் தைப்பாள். குத்துவதற்கு ஊசி வேண்டாம் அவளுக்கு, வாயாலேயே குத்துவாள். அவளிடம் பார்க் விஷயத்தைச் சொன்னேன்.

"உயரம் பத்தலன்னா திருப்பி அனுப்பிடுவாங்கடி. அளந்தியா?"

"கோட்டைத் தொட்டுட்டான்க்கா. அவர் போனதுக்கப்புறம் ஒரேயடியா வளந்துட்டான்."

"அது சரி. கழுத்துல மாலையாட்டம் டேப்பைப் போட்டுக்கிட்டுத் திரியுறியே, அதை வச்சு அளந்தியான்னு கேட்டேன்."

"அவர் போட்ட கோடுக்கா. அதுக்கு மேல டேப் எதுக்கு?"

"ஆமாமா. உன் புருஷன் போட்ட கோடு தலையெழுத்தைவிடக் கெட்டி."

சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். யார் சொன்னார்களோ.

"என்ன அண்ணி, ஊஞ்சலாடக் கிளம்பிட்டீங்களாமே? எங்கண்ணன் போய் வருஷம்கூடத் திரும்பல."

"உங்க அண்ணன் சொன்ன சொல்லு அது. நான் கொண்டுபோய்ச் சேக்குறேன். அவ்வளவுதான்."

"அவர் இருந்தப்ப சொன்னாரு. இல்லாதப்ப எதுக்கு?"

குக்கர் கூவுது என்று வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை.

எதுக்கு? எனக்கும்தான் தெரியவில்லை. படுத்தால் ரயில். தையல் மிஷின் சத்தத்திலும் ரயில்.

ஏப்ரல் 2, வியாழன்

எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறினாலே கால் கூசும். ஆனால் அவர் இடத்தில் யார் உட்காருவது? நான்தான். பழகிப் பார்க்கலாம் என்று வேலை விட்டு வரும்போது தெருமுனைப் பூங்கா ஊஞ்சலில் உட்கார்ந்தேன். கூடவே வந்த காஜா அக்கா பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

"நிறுத்துக்கா! நிறுத்துடி! ஏய்!"

"மரியாதை இறங்குற அளவுக்கு நீ ஏறவே இல்லையேடி."

செருப்பு ஒன்று புதரில் போய் விழுந்தது. ரெண்டு பேரும் தேடினோம்.

ஏப்ரல் 11, சனி

பெரியவளிடம் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது, சண்டையாகத்தான் வரும்.

"நீ வரலன்னா யாரும் போகல. தம்பி முகத்தைப் பாத்து நீயே சொல்லிக்கோ."

"சரி, வரேன். ஆனா ரயில்ல ஏற மாட்டேன். வாலுவைப் பாத்துக்குறேன். அவ்வளவுதான்."

போதும் தாயே.

போனிலேயே டிக்கெட் எடுத்தாள். நாலு பேர் என்று போடும்போது விரல் கொஞ்சம் நின்றது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

நாளைக்குப் போகிறோம். பை கட்டியாயிற்று. அவிழ்த்து மறுபடி கட்டினேன். வாலுவுக்கு மாற்றுத் துணி, துண்டு, தண்ணீர். நடுப்பையன் நூறு தடவை கதவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான்.

பெரியவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடித்த துண்டையே மடித்தாள்.

"அம்மா, ஏன் வரலன்னு சொன்னேன் தெரியுமா?"

"குதிரை பொம்மை."

"அதில்லம்மா. போயிட்டு வந்துட்டா அப்பா சொன்னதுல ஒண்ணும் பாக்கி இருக்காது. எல்லாம் முடிஞ்சிடும்."

நான் எதற்காக அவசரப்பட்டேனோ, அதற்காகத்தான் இவள் வரமாட்டேன் என்றிருக்கிறாள். அவள் தலையை என் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கனமாக இருந்தது. வளர்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று எழுதத் தெம்பில்லை.

போனதும் நேரே ரயில்தான். வரிசையில் நின்றோம், வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே போகிறவர்கள் கத்துகிற கத்தலில் நான் தரையையே பார்த்துக்கொண்டு நகர்ந்தேன். நடுப்பையன் என் கையை விடவே இல்லை. "முதல் பெட்டிம்மா. முதல் பெட்டிதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

வாசலில் உயரம் எழுதிய பலகை, பக்கத்தில் அளவுக் கம்போடு ஒருவர். ஷூவைக் கழற்றச் சொன்னார். நிற்க வைத்தார். கம்பு அவன் தலைக்கு மேலே காற்றில் நின்றது. ஒரு விரல் இடைவெளி.

"பத்தலையே தம்பி. இன்னும் கொஞ்சம் வளந்துட்டு வா."

"இல்ல சார், நான் தொட்டுட்டேன். எங்க அப்பா கோடு போட்டு வச்சிருக்காரு."

"அப்பாகிட்ட சரியா அளக்கச் சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா இல்லாத பிள்ளை சார், ஒரு தடவை விடுங்க — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நடுப்பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிடாதே என்கிற பார்வை. விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து ஷூவை மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அப்பா ஏமாத்திட்டாரு" என்றான்.

"வாயை மூடுடா" என்று பெரியவள் சீறிவிட்டு வாலுவைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நானும் அவனும் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்றோம். போச்சு, எல்லாம் போச்சு, இதுக்கா இவ்வளவு பாடு, சொல்லாம இருந்திருக்கக் கூடாதா நீங்க, ஒரு கோடு ஒழுங்காப் போடத் தெரியாதா உங்களுக்கு —

பெரியவள்தான் திரும்பி வந்தாள். "வாங்க. புழு ரயில் இருக்கு. அதுக்கு யாரும் அளக்க மாட்டாங்க."

பச்சைப் புழு, முகத்தில் சிரிப்பு, மெதுவாக வட்டம் அடிக்கும். குழந்தைகளுக்கானது. கூட வருகிற பெரியவர்களும் ஏறலாமாம். ஏறினோம், நாலு பேரும். என் முழங்கால் தாடையில் இடித்தது. வாலு கம்பியைப் பிடித்துக்கொண்டு "வேகமா! வேகமா!" என்று அந்தப் புழுவை அதட்டியது. பெரியவள் சிரித்தாள். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அது அவருடையது. அது இவளிடம் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நடுப்பையன் சிரிக்கவில்லை. வட்டம் திரும்பும்போதெல்லாம் பெரிய ரயிலையே பார்த்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் எழுந்தால் கதவு நிலையில் நீலக் கோடு பாதி இல்லை. ஆணியால் சுரண்டியிருக்கிறான். பெரியவள் அவன் முதுகில் ரெண்டு வைத்தாள். அவன் அழவில்லை. "பொய்க் கோடு" என்றான்.

நான் யார் பக்கம் பேசுவது?

ஏப்ரல் 23, வியாழன்

காஜா அக்கா "எப்படி இருந்துச்சு?" என்றாள். சொன்னேன். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய டீயையும் என்னிடம் தள்ளினாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று டேப்பை எடுத்தேன். எவ்வளவு தப்பாகப் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிடுவது. பார்த்துத் திட்டவாவது திட்டலாம்.

மிச்சமிருந்த கோட்டில் டேப்பை வைத்துத் தரை வரை இறக்கினேன். ஆமாம், ஒரு விரல் குறைச்சல். ஏங்க இப்படிப் பண்ணீங்க என்று வாய்விட்டே கேட்டேன். குனிந்திருந்ததில் டேப் கை நழுவி, நிலையை ஒட்டி நிற்கிற பீரோவுக்கு அடியில் போயிற்று. எடுக்கக் கைவிட்டால், உள்ளே தரை இறங்குகிறது. ஒரு படி மாதிரி.

டைல்ஸ் ஒட்டினவர்கள் பீரோவை நகர்த்தவில்லை. சுற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடியில் பழைய சிவப்புத் தரை அப்படியே கிடக்கிறது.

தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கதவின் அடியைச் சீவியது, அப்படியும் தேய்ப்பது. அவர் போன பிறகு பிள்ளை ஒரேயடியாக வளர்ந்தது! துக்கத்தில் பிள்ளைகள் வளரும்போல என்றுகூட நினைத்திருந்தேனே. பழைய தரையிலிருந்து கோடு வரை அளந்தேன். ரயில் வாசல் பலகையில் எழுதியிருந்த அதே அளவு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"டேய்! இங்க வாடா! எல்லாரும் வாங்க!"

நடுப்பையன் வரமாட்டேன் என்றான். இழுத்து வந்து அவன் கையை பீரோவுக்கு அடியில் விட்டேன். முதலில் தூசி என்றான். பிறகு விரலால் மேலே, கீழே, மேலே, கீழே.

"அப்ப... அப்பா சரியாத்தான் போட்டாரா?"

"சரியாத்தான்டா போட்டாரு. தரைதான் ஏறிடுச்சு."

அப்போதுதான் அழுதான். பார்க்கில் அழாதது, ஆணியால் சுரண்டியபோது அழாதது எல்லாம் சேர்ந்து. "நான் சுரண்டிட்டேனே... சுரண்டிட்டேனே" என்றான்.

பெரியவள் பரணிலிருந்து அவர் மிச்சம் வைத்த நீலப் பெயிண்ட் டப்பாவை இறக்கினாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்பூனால் நெம்பினாள். மேலே ஆடை கட்டியிருந்தது. கிழித்தால் உள்ளே இன்னும் ஈரம். நான் டைல்ஸிலிருந்து அளந்து பிடித்தேன், அவள் இழுத்தாள். அவர் அளவுக்கு நேராக இல்லை, முனையில் கொஞ்சம் வழிந்தது. வாலு அதில் விரலை வைத்துவிட்டது. இருக்கட்டும்.

சுரண்டின கோட்டுக்கு ஒரு விரல் மேலே புதுக் கோடு. அடியில் நடுப்பையன் நிமிர்ந்து நின்றான். தொடவில்லை.

பெரியவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். "இன்னும் பாக்கி இருக்கு."

ஜூன் 6, சனி

பள்ளி திறந்துவிட்டது. நடுப்பையன் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அடி மடிப்பைப் பிரித்து ஒரு விரல் இறக்கித் தைத்தேன். போட்டுக்கொண்டு போய்க் கதவில் நின்று பார்த்தான். இன்னும் இல்லை. "அடுத்த லீவுக்கு ஆயிடும்ல?" என்றான். "அவசரமில்லடா" என்றேன்.

மடிப்புக்குள் இன்னும் துணி இருக்கிறது.