வாய்க்கு வந்த அடி

ஆடி, புதன், இரவு.

கடையத்துப் பக்கம் அம்மன் கொடை விழா. நேற்று மதியம் வில்லுப்பாட்டின் நடுவில் எனக்கு அடுத்த அடி மறந்துவிட்டது. குடம் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த அம்மனுக்குக் கிழக்குத் தெருக்காரர்கள் தண்ணீர் தர மறுத்தார்கள் என்று வாய்க்கு வந்ததைப் பாடிவிட்டேன். கூட்டமே குலவையிட்டது.

இன்று அதைச் சொல்லியே முளைப்பாரி ஊர்வலத்தில் கிழக்குத் தெருப் பெண்களைச் சேர்க்கவில்லை. விரதமிருந்து வளர்த்த பயிரைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். ஒருத்தி என்னையே பார்த்தாள்.

கோயில் தலைவரிடம் ஓடினேன். “அண்ணாச்சி, அந்த அடி நானா இட்டுக்கட்டுனது. கதையில அப்படி ஒண்ணும் கெடையாது.”

“பாடுனது நீயா தாயி? அம்மன்லா ஒன் நாக்குல நின்னு பாடுதா! நாளைக்கும் அதைப் பாடணும், இன்னும் நீட்டிப் பாடணும்.”

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னது உள்ளே இனித்துவிட்டது, சீ.

நாளைக்கு அதைப் பாட மாட்டேன் என்று எழுதி வைக்கத்தான் இந்த நோட்டை எடுத்தேன். அரை மணி நேரமாக அந்த அடிக்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறேன்.