தயிருக்குள் அரணை வால்

ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று, காலையிலேயே நெருப்பு. எருமைப் பால் குறைவு. நாற்பது தயிர்ச் சட்டிதான் லொறியில் ஏற்றினோம்.

மு.ப. 8.30க்குப் போன். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெயம். "அக்கா, உங்கட தயிருக்குள்ள அரணை வால் கிடக்கு. இன்னும் துடிக்குது. சனம் நஞ்செண்டு கத்துது." எனக்குச் சொல்லுமுன் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

மதியத்துக்குள் ஏறாவூர்க் கடைகள் இரண்டும் சட்டியைத் திருப்பிவிட்டன. பின்னேரம் கோயில் திருநாள் ஓடரும் போயிற்று. இருநூறு சட்டி.

பூமணியைப் பிடித்துக் கிழித்தேன். பதினொரு வருடமாகச் சட்டிக்குப் பேப்பர் மூடிக் கயிறு கட்டுவது அவள்தான். பால்கார ராசையா அண்ணன், டிரைவர் செல்வம், எல்லாரும் பார்த்து நிற்க. "கண்ண எங்க வச்சுக் கட்டின? இனி வராத, வீட்ட போ."

"நான் கட்டினா எறும்பும் உள்ள போகாதுக்கா."

காதில் வாங்கவில்லை. கயிற்றுப் பந்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சைக்கிளில் நாலு சட்டி கட்டி விற்றுத் தொடங்கியவள் நான். ஒரு வாலால் போவதா.

ஜூன் 4, புதன்

செல்வத்திடம் சொன்னேன்: கொட்டிலில் ஒரு அரணை மிஞ்சக்கூடாது. விறகு அடுக்கில் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. செப்பு நிற முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, எண்ணெய் பூசியதுபோல் மினுக்கம். விளக்குமாற்றால் அடித்தான். வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆள் விறகுக்கடியில்.

வால் மட்டும் நிலத்தில் துள்ளியது. செல்வம் இரண்டடி பின்னால். "அக்கா, தொடாதீங்க. கடிக்கும்."

"வாலில எங்கடா பல்லு?"

நின்று பார்த்தேன், கையில் மணிக்கூட்டோடு. முதலில் சுழன்று சுழன்று துள்ளல். பிறகு விட்டு விட்டு. அடுப்பில் பால் பொங்குவதற்குள் நுனி மட்டும். குச்சியால் தட்டினால் ஒரு உதறல். பிறகு தட்டியும் அசைவில்லை. எல்லாமாகக் கால் மணித்தியாலமும் இல்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜெயத்தின் சட்டி திங்கள் பி.ப. 5க்குக் கட்டியது. அவன் திறந்தது செவ்வாய் காலை எட்டரைக்கு. விடிய விடிய எந்த வால் துடிக்கும்? விழுந்தது அவன் கடையில். திறந்த பிறகு.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சட்டிக்குப் பக்கத்தில் கயிறு. கத்தியால் வெட்டியது. பூமணியின் முடிச்சு அப்படியே இறுகிக் கிடக்கிறது.

பாலில் தண்ணீர் மணத்தால் பத்துக் கேள்வி கேட்பவள் நான். இவளிடம் ஒன்று கேட்கவில்லை. பெரிய வியாபாரி!

ஜூன் 5, வியாழன்

ஜெயம் கடை. பின்பக்கத்தில் தயிர்ச் சட்டி வைக்கும் வாங்கு. அதற்கு மேலே தலையளவுக்கு விறகு அடுக்கு. பாத்திரம் கழுவும் பெண் தானாகவே சொன்னாள்: "அண்டைக்குக் காலமயும் பூனை விறகுக்கு மேல என்னத்தையோ துரத்திச்சு. முதலாளி சட்டிக் கயிற வெட்டி வச்சிட்டு, தயிருக்கு ஊத்தப் பாணி எடுக்கப் போனவர்."

வெயில் ஏறக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்குச் சீமெந்துப் படிக்கு வந்தது. மொட்டை அரணை. வெட்டுவாய் இன்னும் சிவப்பு.

"இஞ்ச வந்து பாரு, ஜெயம். உன்ட கடை அரணை."

பார்த்தான். "ஓம் அக்கா. அதுக்கு வாலில்லாட்டி நான் என்ன செய்ய?"

"முதல் வீடியோ போட்டாய்தானே. இதையும் போடு."

"துடிக்கிற வாலப் பார்க்கச் சனம் வரும். மொட்ட அரணைய ஆர் பார்க்கிற?"

அறையலாம்போல் இருந்தது. நானே எடுத்துப் போட்டேன். இரவுவரை பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான் இரண்டு தரம்.

ஜூன் 6, வெள்ளி

செய்ய வேண்டியவை: உறைமோர். பேப்பர். லொறி டயர். பூமணி.

டயரைப் பார்த்துவிட்டுத்தான் பூமணி வீட்டுக்குப் போனேன். தைரியம் அவ்வளவுதான். வளவில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வால், மணிக்கூடு, முடிச்சு எல்லாம் சொன்னேன்.

"அரணைட வாலப் பார்த்துத்தான் என்னை நம்புறீங்க, என்ன?"

"வா புள்ள, நாளைக்குச் சட்டி கிடக்கு."

"ஆக்களுக்கு முன்னால ஏசினீங்க. ஆக்களுக்கு முன்னால சொன்னா வாறன்."

வழியெல்லாம் எரிச்சல். அவள் சொன்னது சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஜூன் 7, சனி

பூமணி வந்து வாசலோடு நின்றாள். ராசையா அண்ணன் பால் இறக்கும்வரை பார்த்து நின்று சொன்னேன். "பிழை என்னில. பூமணியில ஒண்டுமில்ல." ராசையா அண்ணன் பால் கானுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாள் ஓடர் திரும்பவில்லை. கோயில்காரர் சொன்னது: "அடுத்த வருஷம் பாப்பம்."

எங்கள் கொட்டில் மொட்டை அரணை விறகுக்கடியிலிருந்து வந்து கரப்பான் ஒன்றைக் கவ்வியது. செல்வம் விளக்குமாற்றைத் தூக்கினான். "வை கீழ!" என்று கத்தினேன். இத்தனை வருடமாகக் கொட்டில் கரப்பானைத் தின்று தீர்த்தது இதுதான். ஒருவரையும் கடித்ததில்லை.

பூமணி கயிற்றுப் பந்தை எடுத்தாள். முதல் சட்டியைக் கட்டி என் மடியில் வைத்தாள். "அவிழ்த்துப் பாருங்க."

நகம் உடைந்தது. அவிழவில்லை.