அம்மாவின் நகத்து நிறம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீ அங்கே சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று, அந்த வரி மட்டும் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை பாப்பா. ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள், மீதியையும் படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி அவள் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், அதுவும் உன் தலைமேல். போன்ல மூச்சு விடக்கூடாது, மெசேஜ்லயும் மூச்சு விடக்கூடாது என்று, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். நானும் சரி என்றேன். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் உன்னிடம் வருகிறேன். கூரியர்காரர் நாலு நாளில் கிடைத்துவிடும் என்கிறார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நீ சட்டென்று, ஏம்மா உன் நகமெல்லாம் ஒரு மாதிரி நீலமா தெரியுதே என்று கேட்டாய், நினைவிருக்கிறதா. அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திரிக்கொட்டையாக நான் குறுக்கே விழுந்தேன். முப்பத்தாறு வருஷம் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவன் சொல்றேன், டியூப் லைட்ல, அதுவும் போன் திரையில நிறம் பார்க்கலாமா, விளக்கு மாறினா மெரூனே பிரவுனா தெரியும் என்று உனக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். நீயும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாய். அவளும் ஆமாம், கேமரா கோளாறு என்றாள். கடல் தாண்டி இருக்கிற உன் கண்ணுக்குப் பட்டது, தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற என் கண்ணுக்குப் படவில்லை. பட்டறையில் என்னை மீறி ஒரு துணி வெளியே போனது கிடையாது என்று எத்தனை தடவை உங்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளே அவள் தெருமுனைக் கடையில் மூன்று பாட்டில் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள், ஒரு சிவப்பு, ஒரு ரோஸ், ஒரு மஞ்சள். உனக்குத் தெரியும், டைப்பிஸ்ட் வேலையில் இருந்தவரைக்கும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டவள், ஒரு நாள் ஒரு சொட்டு பூசியது இல்லை. அறுபது வயசுல என்ன இது சின்னப் பொண்ணாட்டம் என்று கேலி செய்தேன். தட்டுறதுக்கு மெஷினும் இல்ல, திட்டுறதுக்கு ஆபீசரும் இல்ல, இனிமே என் நகம் வளர்ந்தா யாருக்கு என்ன என்றாள். எனக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது, வெளுத்ததெல்லாம் பால்தானே எனக்கு. முதல் நாள் பூசிய சிவப்பு சிவப்பாக நிற்காமல் கத்திரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. ஏங்க, கடையில பார்த்த மாதிரி இது ஏன் வரல என்று என்னைக் கேட்டாள். ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை பாப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். துணியை முதலில் வெளுக்காமல் சாயத்தில் போட்டால் அடிநிறம் மேலே வந்து காட்டிக்கொடுக்கும், அதனால் முதலில் வெள்ளை ஒரு கோட் அடி, அது காய்ந்ததும் எந்த நிறம் வேண்டுமானாலும் போடு, அடியில் என்ன இருக்கிறதென்று ஈ காக்காய்க்குத் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நானே போய் வெள்ளை பாட்டிலும் வாங்கி வந்தேன். மறைக்கிறதுக்கு வழியும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மேலே இருக்கிற நிறத்தைப் பார்த்து சபாஷ் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாலரை மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜை பட்டறை மாதிரிதான் இருந்தது. பாட்டிலைக் குலுக்காதே, குமிழி விழும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டு என்பேன் நான். ஹேர்பின் முனையைத் தொட்டு ஐந்து புள்ளி வைத்தால் பூ, நடுவில் தீக்குச்சியால் ஒரு மஞ்சள். தம்ளர் தண்ணீரில் இரண்டு நிறத்தைச் சொட்டி, ஊசியால் கலைத்து, விரலை முக்கி எடுத்தால் சலவைக்கல் மாதிரி வரும் என்று போனில் பார்த்துவிட்டு முயற்சி செய்தாள், நகத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் சலவைக்கல் ஆயிற்று, தம்ளரையும் தூக்கிப் போட்டோம். மாடி வீட்டு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் நகமும் சதையுமா இருக்கீங்க என்று சிரித்தார். செலோ டேப்பைக் குறுக்கே ஒட்டிக் கோடு போட்டால் மட்டும் நேராக விழவில்லை, அவள் நகங்கள் நுனியில் உருண்டு வளைந்திருந்தன. டேப்பே மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன் நான். அப்படி வளைவது இந்த வியாதியின் அடையாளமாம், பின்னால் டாக்டர் சொன்னார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுகொண்டு, நீங்க போங்க, நான் வேடிக்கை பார்த்துட்டு வரேன் என்பாள். அந்தப் படிக்கட்டில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது, ஒரு மீட்டர் பெட்டியும் தண்ணீர்க் குழாயும். அதையும் நான் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் இரண்டு ரோஸ் பாட்டிலும் ஒரே ஷேடா வேறு வேறா என்று எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். முந்தின நாள் போட்டதையெல்லாம் ரிமூவரால் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சத்துல பார்த்துடலாம் வா என்று விளையாட்டாகக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஜன்னல் வெளிச்சம் பொய் சொல்லாது. பத்தும் வெறும் நகம். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். பட்டறையில் அந்த ஷேடுக்கு ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பர் என் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. என் சாயம் வெளுத்துப்போச்சு போங்க என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து அது நிற்க நேரமாயிற்று. அலமாரியில் துணிக்கு அடியில் இருந்து ரிப்போர்ட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு தடவை தனியாக டாக்டரிடம் போய் வந்திருக்கிறாள். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. பஞ்சாட்டம் இருக்கவேண்டியது அட்டையாட்டம் ஆயிட்டு வருது, மாத்திரை வேகத்தைக் குறைக்கும், திருப்பிக் கொண்டுவராது என்று டாக்டர் அவளிடமே சொல்லியிருக்கிறார். என்னிடம்கூட ஏண்டி சொல்லலை என்று கேட்டேன். உங்களுக்குப் பூசி மெழுகத் தெரியாது, உங்க மூஞ்சியைப் பார்த்தே அவ கண்டுபிடிச்சிருப்பா என்றாள். உன் பயிற்சி முடிய அப்போது ஐந்து மாதம் இருந்தது. நடுவுல வந்தா மறுபடி முதல்லேர்ந்து, கேள்விப்பட்ட நிமிஷமே அவ பெட்டியைக் கட்டிடுவா, இத்தனை வருஷம் அவ பட்ட பாடெல்லாம் என் இருமலோட போகணுமா என்றாள். அப்போதுதான் சத்தியம் வாங்கினாள்.

இனி வருவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கொஞ்ச நாளில் வீடியோவில் பேச அவளுக்கு மூச்சு போதாமல் போயிற்று. நம் வீட்டு இன்டர்நெட் சரியில்லை, அதனால் வாரம் ஒரு நகப் படம் அனுப்புகிறேன் என்று உனக்குச் செய்தி வந்ததே, நம் வீட்டு இன்டர்நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு வந்த எட்டுப் படமும் நாலே நாளில் எடுத்தவை. மொத்தம் பன்னிரண்டு எடுத்தோம். பூசுவாள், காய வைப்பாள், நான் படம் எடுப்பேன், பஞ்சை ரிமூவரில் நனைத்துத் துடைப்பேன், மறுபடி வெள்ளை. எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி தெரியக்கூடாது என்று படத்துக்குப் படம் உடை மாற்றினாள், ஒன்றில் வாட்ச் கட்டினாள், நான் மேஜை விரிப்பை மாற்றினேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தும் அந்த நெடியில் அவள் இருமிய இருமல் எனக்குத்தான் தெரியும். போதும் விடு என்று கெஞ்சினேன். இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்றாள். அந்த நெடியாலதான் இவ்வளவு ஆச்சா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். வியாதி அதனால வரலை, ஆனா நல்லதும் இல்ல என்று மட்டும் சொன்னார். நீ அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அம்மா கலக்குறே, கை முன்னைவிட அழகா இருக்கு என்று எழுதுவாய். நான் படித்துக் காட்டுவேன், இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள். ஒரு தடவை எப்படி இறுக்கு என்று செய்தி வந்ததாகச் சொல்லி, டைப்பிஸ்ட் அம்மாவுக்கே எழுத்துப்பிழையா என்று கிண்டல் செய்தாயே, அந்த றகரம் என்னுடையது. அவள் முகத்தில் அப்போது ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. உன் கிண்டலைப் படித்துக் காட்டியபோது, ஒரு பொய்யைக்கூடப் பிழை இல்லாம அடிக்கத் தெரியலை என்று கண்ணாலேயே என்னைத் திட்டினாள்.

போன ஞாயிறு நீ, அடுத்த வாரம் எனக்காக இலைப் பச்சை போட்டு அனுப்பும்மா என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் அவள் முகம் விழுந்துவிட்டது. பன்னிரண்டு படத்தில் ஒன்றில்கூடப் பச்சை இல்லை. பச்சையை எப்படிங்க விட்டேன், சின்ன வயசுலேர்ந்து அவளுக்குப் பச்சைன்னா உயிராச்சே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தன்னை நினைத்து அழாதவள் அதற்கு அழுதாள். நாலு படம் மிச்சம் இருக்கே, அதை அனுப்பிக்கலாம் என்றேன். நாலு போதும் என்றாள். அவள் படத்தைச் சொன்னாளோ வாரத்தைச் சொன்னாளோ, எனக்குத் தெரியவில்லை, நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, நாலு தடவை சரிபார்த்து, ஒரு நல்ல இலைப் பச்சை செய்து எடுத்துக்கொண்டு போனேன். சேர்த்த அன்றைக்கே ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்புக்காக நகத்தையெல்லாம் துடைத்துவிட்ட நர்ஸ்தான், கிளிப் மாட்டின கை வேணாம், இந்தக் கையில போட்டுக்குங்க, டாக்டர் கேட்டா நான் பார்க்கலை என்றார். கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமே இல்லை பாப்பா. நகத்தைப் பார்த்தேன், பிரஷ்ஷை எடுத்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாலிஷ் கெட்டியாயிடுச்சு, நாளைக்கு வேற கலந்துட்டு வரேன் என்று மூடிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன். உங்க பொண்ணு எங்கே இருக்காங்க என்று மட்டும் கேட்டார்.

அதனால் நீ வா. பயிற்சி முடிய இன்னும் இரண்டரை மாதம் இருப்பது எனக்குத் தெரியும், நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்பதும் தெரியும். உன் அம்மா அதற்காக என்னவெல்லாம் செய்தாள் என்பதை இவ்வளவு எழுதிவிட்டு, வந்துவிடு என்று சொல்வது அவளுக்கு நான் செய்கிற துரோகம்தான். செய்கிறேன். என்னால் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வருகிற ஞாயிறு உனக்குப் படம் வராது. அனுப்பியாச்சா என்று கேட்பாள், அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணாதே, அவள் பக்கத்தில்தான் இருப்பேன். பதற்றத்தில் பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே, வெறும் வயிற்றோடு கிளம்பாதே. வீட்டுச் சாவி மாடி டீச்சரிடம் இருக்கிறது.

நீ நன்றாக இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வார்டுக்குள் வந்ததும் அவளைப் பேச வைக்காதே. ஏன் வந்தாய் என்று அவள் கோபப்பட்டால் பதில் சொல்லாதே, சிரிப்பு மூட்டவும் பார்க்காதே. கோபத்துக்கும் சிரிப்புக்கும் மூச்சு வேண்டும், அவளிடம் இருப்பது கொஞ்சம்தான். பச்சை பாட்டில் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. எதுவும் கேட்காமல் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு, நீயே போட்டுவிடு.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா