எதிரணிக்காரனின் எண்பது மாடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இதை அவரிடம் படித்துக் காட்டாதே.

ஞாயிறன்று ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டத்தில் நம் வெக்ஸ்ஃபோர்ட் அணியைக் கடைசி நிமிடத்தில் தோற்கடித்தானே கால்வே அணியின் கோல்மன், அவன் பண்ணையில்தான் வேலை பார்க்கிறேன். அவன் அங்கே ஆட, இங்கே அவன் மாடுகள் எண்பதையும் கறந்தவள் நான்!

ஆட்டத்தில் நம் ஆள் ஒருவனின் மட்டை பட்டதில், திங்கள் விடியலில் புருவத்தில் ஆறு தையலோடு கறக்க வந்துவிட்டான்.

"படுத்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் ஜெயிச்சது மாட்டுக்குத் தெரியுமா? உங்க ஊர்க்காரன் என்னமா அடிக்கிறான்! எங்க பக்கம் பொறந்திருக்கணும் அவன்."

கூலியில்லாமல் ஆடுகிறவன், அம்மா. திட்ட வாய் வரவில்லை.

என் ஊதா மஞ்சள் வெக்ஸ்ஃபோர்ட் ஜெர்சியை அனுப்பு. இந்த ஊரில் அந்த நிறமே கண்ணில் படுவதில்லை. அடுத்த ஆட்டத்தன்று அதைப் போட்டுக்கொண்டுதான் கறப்பேன். மாடுகளுக்காவது தெரியட்டும், நான் யார் பக்கமென்று.

உன் மகள்,
ஐடா