இரண்டு கைகளாலும் பிடித்த பிளேன்டி

இஞ்சி மணம் வந்ததுமே உன்னைத்தான் திட்டினேன். எனக்கு இஞ்சி பிடிக்காது என்று தெரிந்தும் ஆறு வருடம் குடிக்க வைத்தவள் நீ. இன்று நானே பாலில்லாத இஞ்சிப் பிளேன்டி போட்டு, கண்ணாடிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பனிச்சங்கேணி ஊர்ப் பிள்ளை; நீ போனபின் உன் கதிரைக்கு வந்த புரோகிராமர். கொழும்பில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போக விண்ணப்பம் தந்திருக்கிறாள். இப்போது இங்கே பொறுப்பு நான் என்பதால், அது என் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. இன்றுதான் கடைசி நாள்.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மூன்று வருடம் முறையாகப் படித்துச் சான்றிதழோடு வந்தவள். நீ காத்தான்குடியில் வீட்டிலிருந்தே வீடியோ பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டும் கற்றவள். உனக்கு ஏதாவது விளங்காவிட்டால் நான் கீபோர்டைப் பறித்து நாலு வரி தட்டிவிட்டுப் பெருமையாகப் பார்ப்பேன். மூன்றாம் நாள் நீ பொறுக்கமாட்டாமல் சுடச்சுடக் கோப்பையை என் கையில் திணித்தாய்.

"இத ரெண்டு கையாலயும் புடி. தெரிஞ்சவளுக்குத் தேத்தண்ணி, தெரியாதவளுக்குக் கீபோர்ட். நீயே அடிச்சா எனக்கு எப்பிடிகா வரும்?"

அதன்பின் அதுவே நம் சட்டம். பாதி நாட்கள் கோப்பை உன் கையில்தான் இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நெல் ஆலைக்குச் செய்த மென்பொருள் நினைவிருக்கிறதா? வயல் வட்டையின் பெயரைத் தட்டினால் அங்கிருந்து நெல் கொண்டுவந்த எல்லாருடைய பெயரும் வரவேண்டும். அறுவடை தொடங்கியதும் திரையில் பக்கம் அசைய மறுத்தது. நீ ஏதேதோ முயன்று, கடைசியில் தேடலை வேகமாக்கும் ஒரு இன்டெக்ஸ் சேர்த்தாய். பட்டென்று வந்தது. எல்லாரும் கைதட்ட, நீ மட்டும் சிரிக்கவில்லை.

"சரிவந்திட்டு. ஆனா ஏன் சரிவந்த எண்டு தெரியா புள்ள. அந்தக் கொழும்புக் கோர்சுக்குப் போகட்டா?"

"உனக்கு அங்க என்னத்தச் சொல்லித் தரப்போறாங்க? நாம ரெண்டு பேரும் இஞ்சயே படிப்பம்" என்றேன். உன்னைப் பாராட்டியதாக நினைத்துக்கொண்டாய். உண்மையில் எனக்குப் பயம். நீ போனால் நான் யாரிடம் கேட்பேன்? என்னைப் போலவே சான்றிதழோடு திரும்பிவந்தால் எனக்கென்று என்ன மிஞ்சும்? "மறுகா பாப்பம்" என்று விண்ணப்பத்தை மடித்து வைத்தாய். பிறகு பார்க்க நோய் விடவில்லை. அந்தப் பொய்க்கு, நீ கண்மூடும்வரை உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

இன்று நிலாவிடமும் அதே வார்த்தைகள் வாய்வரை வந்தன. கெட்டிக்காரி, அவள் இல்லாத ஆறு மாதமும் எனக்குச் சிரமம்தான். ஒரு மிடறு குடித்தேன். இஞ்சி காரமாகத் தொண்டையில் இறங்கியது.

"போயிட்டு வா" என்றேன்.

"அக்கா, திரும்பி வந்தா இந்தக் கதிரை இரிக்குமா?"

"இரிக்கும். ஆனா வந்தபிறகு கீபோர்டில நான்தான். அங்க படிச்சதையெல்லாம் நீ விளங்கப்படுத்தணும்."

"அப்ப தேத்தண்ணி?"

"நீதான் புடிக்கணும்."

அவள் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே வாவியில் நல்ல வெயில். நம் சட்டப்படி கோப்பையைக் கீழே வைக்கக் கூடாது. தெரியும். கையெழுத்துப் போட மட்டும் வைத்தேன். போட்டதும் மறுபடி எடுத்துக்கொண்டேன்.