லூர்தம்மா கேட்டுச் சொல்லச் சொன்னது

என் செல்லக் குட்டி ஸ்டெல்லாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உன் இடத்தைக் கழுவிவிட்டு வந்தேன். வாசலில் எல்லோரும் உனக்குப் பிடிக்காத சாமந்தியைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அலைந்து திரிந்து ரோஜா வாங்கி வந்து வைத்தேன். உன் மகள் ஜெனி மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அணைக்க அணைக்கச் சளைக்காமல் மறுபடி மறுபடி ஏற்றினாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியாதா?

அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. என் துப்பட்டாக்களையெல்லாம் எடுத்து மடித்து அடுக்கிவைத்து, "இன்னா கலர் காட்டட்டும் மேடம்?" என்று என்னிடமே வியாபாரம் செய்கிறாள். நீ தி.நகரில் புடவைக் கடையில் வேலை பார்த்தாய் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்துடி வருகிறது இதெல்லாம்?

இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்றேதான் எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஒருவராவது பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடிக்குப் போய், உன் மாமியார் லூர்தம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காது நன்றாகவே கேட்கும்.

அப்பா அம்மா போன பிறகு நமக்குத் தாய்வீடு ஏது? நான் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் கிடந்த நர்ஸ். அதனால் பிரசவம் முடிந்து நீ மாமியார் வீட்டுக்கே போனாய். பச்சை உடம்புக்காரி போன் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று உன் போனை லூர்தம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். கண் பட்டுவிடும் என்று வெளியாட்கள் யாரையும், என்னைக்கூட, உள்ளே விடவில்லை. உனக்குத் தலைவலி வந்ததும், தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லி, காதில் பஞ்சை அடைத்து, சாம்பிராணிப் புகையில் உட்கார வைத்தாள்.

வீடு தேடி வந்து பார்க்க வேண்டிய நர்சும் வராமலில்லை. வந்தவள் கீழே நின்றே குரல் கொடுத்தாள். மூன்று மாடி ஏற அவளுக்கு மனசு வரவில்லை. "நல்லா கீறா, நீ போ சிஸ்டரு" என்று லூர்தம்மா பால்கனியிலிருந்து சொன்னதும் போய்விட்டாள். நான் போன் செய்தபோதும் அதே பதில். "நல்லா கீறாம்மே. தூங்கினு கீறா." நீ தூங்கினாயா குட்டி? இல்லை, உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாயா?

பிள்ளை பெற்ற பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். எந்த நர்சுக்கும் தெரிந்த விஷயம் இது. உனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அடக்கத்தன்று வந்தவர்களிடமெல்லாம் லூர்தம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "ஜன்னி கண்டுச்சு. கடையில நின்னுகினே கெடந்து உடம்பக் கெடுத்துக்கினா. நான் இன்னா செய்வேன்?" செத்துக் கிடந்த உன் தலையிலேயே பழியைப் போட்டாள். பெட்டியை மூடும்போது நான் அழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். மசக்கையில் தொடங்கி, பிள்ளை நடந்து பேசும் வரை போய்க்கொண்டிருப்போம். என்னை எல்லோரும் நல்ல மனசுக்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன் புருஷன் சகாயம் ஜெனியை என்னிடம் விட்டுவிட்டு மறுகல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண் அனிதா முழுகாமல் இருக்கிறாள் என்று காதுக்கு வந்தது. அந்த பிளாக் வேறொரு நர்சின் பகுதி. கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டேன். கதவைத் திறந்த லூர்தம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அனிதா உன் குக்கரில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளையும் வெறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. வெகுளிப் பெண், "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டது.

அவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த வாரம், ஒரு மத்தியானம் நான் கீழே ஸ்கூட்டியை நிறுத்தும்போதே மேலேயிருந்து குரல் வந்தது.

"நல்லா கீறா சிஸ்டரு. இப்பத்தான் கண்ணசந்தா. நாளிக்கு வாயேன்."

அதே பால்கனி. அதே குரல். எப்படி மாடி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவளைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனேன். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. காதில் பஞ்சோடு அனிதா சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தல வெடிக்கிறாப்ல கீதுக்கா. கண்ணுல பூச்சி பறக்குது."

ரத்த அழுத்தம் பார்த்தேன். அப்புறம் பேச்சே இல்லை, ஆட்டோதான். குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லூர்தம்மாவும் வந்தாள்.

ஊசி போட்டு வலிப்பு வராமல் தடுத்துவிட்டார்கள். அனிதா பிழைத்தாள். வராந்தாவில் லூர்தம்மாவை உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, முகத்திலும் காலிலும் வீக்கம். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"ரெஜினா… அப்ப ஸ்டெல்லாவுக்கும் இதானா?"

இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

"ஆமா. இதேதான். நேரத்துக்குக் கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பா. நீங்க நல்லா கீறான்னு சொன்னீங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு இனித்தது குட்டி. உன்னிடம் எனக்கென்ன மறைப்பு?

அதோடும் விடவில்லை. அனிதா வீடு திரும்பியதும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் லூர்தம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்ததும், "சொல்லுங்க" என்பேன். முதல் வீட்டில் அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். நான் நகராமல் நின்றேன்.

"எம் மருமவ தலவலிக்குதுன்னா. நான் சாம்பிராணி போட்டேன். நர்ச மேல வர வுடல. நல்லா கீறான்னு சொல்ட்டேன். செத்துப்பூட்டா."

அந்த வீட்டு மாமியார் கதவை அகலத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். அடுத்த பிளாக்குக்குப் போகும்போது லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்மே, வுட்டுடு." மேல் மாடி இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன்.

கூட வேலை பார்க்கும் தோழி என்னைத் திட்டினாள். "வயசானவங்கடி. தெரியாம செஞ்சதுக்கு இந்தப் பாடா?" தெரியாமல் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். அடக்கத்தன்று உன்மேல் பழி போட்டதும் தெரியாமல்தானா? பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிறோம் என்று வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஜெனி அண்ணாந்து பார்க்கிறாள்.

இப்போது வேறொரு வயிற்றெரிச்சல். லூர்தம்மா நான் கூப்பிடாமலே போக ஆரம்பித்துவிட்டாள். "லூர்தக்கா சொல்லுச்சு" என்று கால் வீங்கிய பெண்கள் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறார்கள். நர்சாக எனக்குச் சந்தோஷம்தான். உன் அக்காவாகப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கொடுத்த தண்டனையில் அவள் நல்ல பெயர் வாங்குவதா?

திருநாளுக்கு முன்னால் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ட்டேன். அவரு மன்னிச்சுட்டாரு. ஸ்டெல்லா மன்னிக்குமா? நீ கல்லறைக்குப் போவ சொல்லோ கேட்டுச் சொல்லேன்."

சரி என்றேன். இதோ கேட்டுவிட்டேன். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

நீ பதில் சொல்லாதே. உன்னை எனக்குத் தெரியாதா? கடை முழுக்கப் புரட்டிப் போட்டு, ஒன்றும் வாங்காமல், உன்னையும் திட்டிவிட்டுப் போகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கையசைத்தவள் நீ. இந்நேரம் அவளை மன்னித்தே இருப்பாய். அதை உன்னோடேயே வைத்துக்கொள். என் காதில் விழுந்தாலும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கப் போவதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கால்கள் இருக்கும்வரை எந்தப் பெண்ணையும் கீழே நின்று விசாரித்துவிட்டுத் திரும்ப மாட்டேன். எத்தனை மாடியானாலும் ஏறுவேன். ஒரே ஒரு தடவை மட்டும் ஏற மாட்டேன். லூர்தம்மா அந்தப் பால்கனியில் வந்து நின்று, "ஸ்டெல்லா இன்னா சொல்லுச்சு?" என்று கேட்பாள். நான் ஸ்கூட்டியை விட்டு இறங்காமல், அண்ணாந்து பார்த்துச் சொல்வேன்: "நல்லா கீறா. நீங்க உள்ள போங்க."

உன்னைக் கடைசியாக ஒரு தடவை உயிரோடு பார்க்க விடப்படாத
உன் அக்கா,
உன் ஜெனிக்கு இப்போது அம்மா,
ரெஜினா